சூறைக்காற்றுப் பெட்டியும் உன் மூடிய வாயும்

சங்கருக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை, நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாமல் இருப்பவள் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து, தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருக்கும் உன் மகள் கயல். பத்து வயதுப் பிள்ளையோடு பேச்சை நிறுத்திக்கொண்ட தகப்பனுக்குக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான்காம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் எடுத்ததும் மீட்டிங் என்கிறாய். குரலைப் பதிந்து அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், உன் பெண்டாட்டிதான் சொன்னாள். பெற்றவள் பேச்சை அணில் கத்துகிற மாதிரி ஓடவிட்டுக் கேட்கிற பிள்ளைக்குக் காகிதம்தான் சரி. இதை நீ உன் கண்ணால், ஒவ்வொரு வரியாகத்தான் படித்தாக வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஏனென்றால் நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன் அக்காவுக்குப் போன் போட்டு, "அம்மாதான் கொழந்தைக்கு சொல்லிக் குடுத்து சபையில என்னைக் கேவலப்படுத்திட்டாங்க" என்று அழாத குறையாகப் பேசினாயாம். அவள் அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். நான் எதை மறந்தாலும் என் மேல் போட்ட பழியை மறக்கமாட்டேன், அது உனக்குத் தெரியும். உன் சின்ன அத்தை என் கல்யாணத்தன்று என் காதில் கிடந்த கம்மலைப் பார்த்து என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் ஒரு எழுத்து மாறாமல் சொல்வேன். அதனால் இதையும் ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன், கேள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் உன் வீட்டில் நான் வந்து தங்கியிருந்த சமயம். பள்ளிக்கூடத்தில் வானிலையைப் பற்றி ஆளுக்கொரு சோதனை, சொந்தக் கையால் செய்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒருத்தி மழைமானி என்றாள், ஒருத்தன் காத்தாடி என்றான், நம் வீட்டு ராணி மட்டும் டொர்னாடோ என்றாள். அது நம் பக்கத்துக் காற்றே இல்லை. நமக்குப் புயல்தான் பழக்கம். இவள் சொல்வது எங்கோ வேறு தேசத்தில் தும்பிக்கை மாதிரி வானத்திலிருந்து இறங்கி, வீட்டை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போகிறதாம். கலர் பாட்டில் இரண்டை எடுத்தாள். இரண்டு மூடியையும் முதுகோடு முதுகு ஒட்டினாள். நடுவில் ஓட்டை போட ஆணியைச் சூடு பண்ணிக் கொடுத்தது நான்தான், அதை மறைக்கவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர், மேலே இன்னொரு பாட்டிலைக் கவிழ்த்து முறுக்கினாள். ஒழுகியது. செல்லோ டேப் சுற்றினாள், அப்போதும் ஒழுகியது. கீழ்வீட்டு வாட்ச்மேனிடம் பழைய சைக்கிள் ட்யூப் வாங்கி, அதைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அப்போதும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்தது. உன் அடுக்களை முழுக்கத் தண்ணீர்.

"ஆயா, சொம்மா கவுத்தா தண்ணி குபுக்கு குபுக்குனு மொரண்டு புடிக்குது பாரு. இப்ப ஒரு சுத்து சுத்தி வுடறேன், பாரு."

"பாக்கறதுக்கு முன்ன நான் வழுக்கி வுழுந்து இடுப்ப ஒடைச்சிக்கப் போறேன். தொடைடி மொதல்ல."

"ஐய, கீழ பாக்காத ஆயா. பாட்டில பாரு. நடுவுல ஓட்டையாட்டம் தெரியுதா? அது வழியா காத்து மேல போவுது. காத்துக்கு வழி வுட்டாதான் தண்ணி கீழ எறங்குது!"

நிஜமாகவே இறங்கியது. சுழித்துக்கொண்டு, குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டு இறங்கியது. அன்று முழுக்க அதைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். இடது பக்கம் சுற்றினால் என்ன ஆகும், வலது பக்கம் சுற்றினால் என்ன ஆகும், ஓட்டையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று ஒரே நச்சரிப்பு. உன் பெண்டாட்டி வேலையிலிருந்து வந்து கத்தினாள். அவளும் இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கத்தினாள்.

அப்புறம் நீ வந்தாய். கழுத்தில் கம்பெனி அட்டையோடு நின்று அந்தப் பாட்டிலை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கினாய். "இன்னா கயலு இது? ஆஸ்பத்திரில கட்டுப் போட்ட மாதிரி கீது. இத எடுத்துகினு போனா மத்த பேரன்ட்ஸ் இன்னா நெனைப்பாங்க?" என்றாய். குழந்தை, "சுத்துது நைனா, பாருங்க" என்றது. நீ பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அது குப்பைக் கூடையில் கிடந்தது, தேங்காய் நாருக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில். வேலைக்காரி போட்டிருப்பாள் என்று கயலிடம் சொன்னாய். வேலைக்காரி அன்றைக்கு வரவே இல்லை.  

செங்கல்பட்டில் அந்தக் கடைக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாய் அல்லவா? கண்ணராவி. பிள்ளைகள் கையால் செய்யவேண்டிய சோதனையெல்லாம் அங்கே கொக்கியில் தொங்குகிறது. தெர்மாகோலில் எரிமலை, பக்கத்திலேயே மழைநீர் சேகரிப்பு, அதற்கும் மேலே சூரியக் குடும்பம். கடைக்காரப் பையன் உன்னைப் பார்த்து, "எத்தனாவது படிக்கிறாங்க சார்?" என்றான், பாவாடைக்கு அளவு கேட்கிற மாதிரி. நீயும் வெட்கமில்லாமல், "அஞ்சாவது. ஆனா கொஞ்சம் பெருசாவே காட்டுங்க" என்றாய். அங்கே உன்னை மாதிரி நாலு தகப்பன்கள், இரண்டு தாய்கள் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாராயக் கடையில் நிற்கிற ஆட்கள்கூட ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள்.

பெட்டி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நாலு பக்கமும் கண்ணாடி மாதிரித் தகடு, மூலைக்கு மூலை ஒரு இடுக்கு. அடியில் தண்ணீரைப் புகையாக்குகிற ஒரு வில்லை, உச்சியில் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றின சின்ன மின்விசிறி, நீல விளக்கு. சுவிட்சைப் போட்டால் புகை எழும்பி, முறுக்கிக்கொண்டு மேலே போனது. கயல் வாயைப் பிளந்துகொண்டு கையை நீட்டினாள், அந்த இடுக்கில் விரல் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க. "தொடாத! ஒடைஞ்சிடும்" என்று அவள் கையைத் தட்டிவிட்டாய். வீட்டுக்கு வந்தும் அதுவேதான், தொடாதே, தொடாதே. அதை அலமாரி மேல் வைத்துத் துண்டு போட்டு மூடினாய். கடைக்காரன் கொடுத்த பேச்சை மட்டும் அவளுக்கு மனப்பாடம் பண்ணவைத்தாய். சோதனை உன்னிடம், ஒப்பிக்கிற வாய் அவளிடம். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசும் கொடுத்தார்கள். பக்கத்து மேசைகளில் வேறு வகுப்புப் பிள்ளைகளின் இரண்டு எரிமலை, இரண்டிலும் அதே தென்னை மரம், அதே பச்சைப் பெயிண்ட், அதே கடை. வாத்தியார்களுக்குத் தெரியாதா? தெரியும். எல்லாரும் தெரிந்துகொண்டே கைதட்டுகிறார்கள் பார், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். உனக்கும் அப்போது இவள் வயதுதான். நாங்கள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். காய்ந்த கொல்லையில் ஒரு சூறைக்காத்து கிளம்பி, சருகையும் மண்ணையும் வாரிச் சுருட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது. பொம்பளைகள் எல்லாம் பேய் வருது என்று செருப்பைக் கழற்றி அடித்தார்கள். நீ அவ்வளவு பேர் நடுவிலிருந்தும் விலகி நேராக அதற்குள்ளேயே ஓடினாய். வெளியே வரும்போது தலை, காது, மூக்கு எல்லாம் மண். ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. "யம்மா, ஓரமாத்தான் அடிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்லமா!" என்று குதித்தாய். உன் அப்பா அடிக்க வந்தார். "மொதல்ல கண்ணக் கழுவி வுடலாம், அப்புறம் அடிச்சிக்கோ" என்று நான் குறுக்கே நின்றேன். கண்ணைக் கழுவி முடிப்பதற்குள் அவருக்குக் கோபம் போய்விட்டது. பிறகு அவரே உன்னிடம், "நெஜமாவே நடுவுல ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். செருப்பால் அடித்த பொம்பளைகளும் கேட்டார்கள். அந்தப் பையன்தான் தன் பெண்ணைப் பார்த்துத் தொடாதே என்கிறான் என்றால், நான் யாரைப் பெற்றேன் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

சரி, மாமல்லபுரத்துக்கு வருகிறேன். அடுத்த சுற்று அங்கே, கடலோரத்து ஓட்டல் ஒன்றின் பெரிய கூடத்தில். ஒரு பக்கம் முழுக்கக் கதவு, திறந்தால் மணல், அந்தாண்டை கடல். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வரும் என்று அந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். நீ நீலச் சட்டையும் பாலிஷ் போட்ட பூட்ஸுமாகப் பெட்டியை வைத்துச் சுவிட்சைப் போட்டாய். புகை வந்தது. ஒரு காற்று அடித்தது. புகை சுருளவில்லை, அடுப்படிப் புகை மாதிரிக் கலைந்து ஆள் முகத்தில் போனது. மறுபடி போட்டாய், மறுபடியும் கலைந்தது. நீ ஓடிப்போய்க் கதவை இழுத்துச் சாத்தினாய். உடனே பக்கத்து மேசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து திறந்துவிட்டார். மதுராந்தகத்துக்காரர், அவர் பையன் வைத்திருந்தது காத்தாடி.

"இன்னா சார், கதவ சாத்துனா எங்க காத்தாடி எப்டி சுத்தும்?"

"தெறந்து வெச்சா எங்க டொர்னாடோ நிக்கல சார். ஒரு அஞ்சு நிமிஷம்."

"டொர்னாடோவே காத்துதானய்யா! காத்துக்குக் காத்து ஆவாதா?"

"உனக்கு இன்னா தெரியும்? இது சென்சிட்டிவ் மாடல்."

"நீ வா போன்னு பேசாத. நானும் காசு குடுத்துதான் செஞ்சிகினு வந்துகிறேன்."

கூடமே கேட்கிற மாதிரி சொன்னார். நீ சாத்த, அவர் திறக்க. ஒரு கதவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இரண்டு மீசைக்காரர்கள் இழுத்தீர்கள். உன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அவருடைய செருப்பு கழன்று மணலில் கிடந்தது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், இந்தக் கண்ணால். பாத்ரூம் கதவைத் திறந்து பார்க்கக்கூடாததைப் பார்த்த மாதிரி அருவருப்பாக இருந்தது. உன்னைச் சொல்லவில்லை, உங்கள் கூட்டத்தையே சொல்கிறேன். அங்கே பிள்ளைகள் இரண்டு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? நீ பார்த்திருக்க மாட்டாய். கதவு திறந்தால் காத்தாடி சுற்றுகிறது, புகை சாகிறது. கதவு மூடினால் காத்தாடி சாகிறது, புகை சுற்றுகிறது. கயலும் அந்தப் பையனும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்கள் ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும், "இப்ப உன்னுது! இப்ப என்னுது!" என்று சிரித்துச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்திலேயே நடந்த ஒரே சோதனை அதுதான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நடுவராக வந்த டீச்சரம்மா உங்கள் மேசைக்கு வந்தார். கயல் ஒப்பிக்க ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பேச்சு இருக்கட்டும்மா. இந்தப் பக்கத்துத் தகட்ட எடுத்துட்டா புகை சுத்துமா, சுத்தாதா?"

"தெரியாது மிஸ். தொடக் கூடாது."

"யார் சொன்னது?"

"நைனா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "அப்ப இத யார் செஞ்சது?" என்றார். கயல் உன்னைப் பார்த்தாள். நீ ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே, ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினாய். நானும் பார்த்தேன், அந்த அம்மாவும் பார்த்தார். குழந்தை உன்னை விட்டு அந்த அம்மா பக்கம் திரும்பியது. அப்புறம், "கடை அண்ணா செஞ்சாரு மிஸ். நான் வேற ஒண்ணு செஞ்சேன்" என்றது. சொன்னதும் அதன் கை தானாக எழும்பிக் காற்றில் பாட்டிலைக் கவிழ்த்துச் சுற்றியது. ட்யூப் கட்டினது, ஒழுகினது, நடுவில் காற்று மேலே போனது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னது. அந்த அம்மா குனிந்து கேட்டார். பரிசு வரவில்லை. வராது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் சிரித்த முகமாகத்தான் உன்னிடம் வந்தது. "நைனா, அந்த மிஸ் அவங்க வூட்ல செஞ்சி பாக்கறேன்னாங்க!" என்றது.

நீ வாயைத் திறக்கவில்லை. அப்போது மூடின வாய்தான். திருக்கழுக்குன்றம் தாண்டி வருகையில் குழந்தை, "நைனா, தண்ணி பாட்டில் எங்க?" என்று கேட்டது. நீ உன் பெண்டாட்டியிடம், "அவகிட்ட சொல்லு, டிக்கில கீதுன்னு" என்றாய். பின்சீட்டில் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு முன்சீட்டிலிருந்து தூது! சீ!

இந்தத் தூது வேலையை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். உன் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பா, "கேசரி பொண்ணே செஞ்சது" என்று அளந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "முந்திரி வறுத்த பக்குவம் நல்லா கீதே, யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள். "பஜார்ல வாங்கினது, பொண்ணுக்கு வெந்நி மட்டும்தான் வெக்கத் தெரியும்" என்றேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், அங்கேயே பூவும் வைத்தாள். ஆனால் உன் அப்பா மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, சோறு போடச் சொல்லி" என்பார், நான் எதிரிலேயே நிற்பேன். நீதான் நடுவில் நின்று, "யம்மா, சோறு போடச் சொல்றாரு" என்பாய். ஒரு நாள் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் நின்று தேம்பி அழுதாய். "நீங்களே பேசிக்கோங்களேன்" என்று கத்தினாய். நான் அவரை அதற்கு இன்னும் மன்னிக்கவில்லை. போட்டோவில் மாலை போட்டு வைத்திருக்கிறேன், அது வேறு.

இதையெல்லாம் வைத்துத்தான், கேசரிக்காரி பேத்தியையும் கெடுத்துவிட்டாள் என்று நினைக்கிறாய். இந்த இடத்தில் நானும் தப்பு பண்ணிவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. எனக்குக் கோபம் வரும், வன்மம் உண்டு, உன் சின்ன அத்தை செத்தபோதுகூட அந்தக் கம்மல் பேச்சு ஞாபகம் வந்தது. ஆனால் கயலுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது நீ, கடைக்காரன் பேச்சை. அதைத் தாண்டி வந்தது அவளுடையது. பிள்ளையின் பேச்சு உனக்கு அவமானமாக இருந்தால் வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள், இரண்டு திட்டு திட்டு. திட்டு குழந்தைக்குப் புரியும், அழுதுவிட்டு விளையாடப் போகும். பேசாமல் இருப்பது புரியாது. என்ன தப்பு பண்ணினோம் என்று தானே தேடித் தேடி, கடைசியில் தான் பண்ணின நல்ல காரியத்தையே தப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

அதுதான் இப்போது நடந்திருக்கிறது. காலாண்டு லீவுக்கு நான் அவளைச் செய்யூர் கூட்டிவந்தேனே, பஸ் ஏறும்போதும் நீ செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். இங்கே வந்ததிலிருந்து எதையும் கையால் தொடமாட்டேன் என்கிறாள். காலி பாட்டில் வேண்டிய மட்டும் கிடக்கிறது, திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று காலையில் தலை வாரிவிடும்போது கேட்டாள்.

"ஆயா, அந்த டொர்னாடோவ நான்தான் செஞ்சேன், அந்த மிஸ்கிட்ட பொய் சொல்லிட்டேன்னு சொன்னா நைனா பேசுவாரா?"

"நீதான் செய்யலையேடி."

"செய்யலதான். ஆனா சாரி சொல்லிட்டா பேசுவாரு இல்ல?"

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். உண்மையைப் பொய் என்று சொல்லி, அந்தப் பொய்யை உன் பேச்சுக்கு விலையாகக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள் உன் பெண். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டுமாம், அதுவரை போனில் பேசமாட்டாளாம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள், நீ அன்றைக்குப் பேச்சை ஒப்பிக்க வைத்த அதே ராகத்தில். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்துக்கு நீயே வந்து நில். பெண்டாட்டியை அனுப்பாதே. அவள் இறங்கி, உன் எதிரில் வந்து வாயைத் திறப்பாள். அதற்கு முன்னால் நீ பேசிவிட வேண்டும். மன்னிப்புக் கேட்பாயோ, சாப்பிட்டியா என்று கேட்பாயோ, அந்தப் பாட்டிலை நானும் சுற்றிப் பார்க்கணும் என்பாயோ, அது உன் பாடு. ஆனால் பேச்சு உன்னிடமிருந்து முதலில் வரவேண்டும், அவளிடமே நேராக வரவேண்டும், என்னிடம் சொல்லி அனுப்பக்கூடாது. அவள் அந்த சாரியைச் சொல்லி முடித்து, அதைக் கேட்டுக்கொண்டு நீ தலையாட்டினாய் என்றால், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்போம், நானும் அவளும். செய்யூர் பக்கம் வருகிற பஸ் அங்கேதான் நிற்கும்.